ஈரத்தலை

எங்கள் தெருவில் என்னைப் பற்றி முடிவு செய்தது என் தலைமுடிதான். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. மதியம் ஒரு மணிவாக்கில் ஸ்கூட்டியில் வந்து இறங்குவேன். கொண்டை ஈரமாக இருக்கும், ரவிக்கையின் முதுகுப்பக்கம் நனைந்திருக்கும். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம், சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைக்குக் குளிப்பது செவ்வாய், வெள்ளி. வேறு நாளில் ஒருத்தி தலைக்கு ஊற்றிக்கொண்டால் மூன்றே காரணம்தான் இருக்க முடியும். மாதவிலக்கு முடிந்திருக்க வேண்டும், சாவுக்குப் போய் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் புருஷனோடு படுத்து எழுந்திருக்க வேண்டும். படுத்து எழுந்தவள் தலைக்கு ஊற்றாமல் அடுப்படிக்குள் போகக் கூடாது என்பது இன்றைக்கும் பல வீடுகளில் சட்டம். டிகிரி படித்த மருமகளும் மறுபேச்சில்லாமல் அதைச் செய்கிறாள். அதனால் காலையில் குழாயடியில் யாருடைய கூந்தல் ஈரம் என்று பார்த்தே, யார் வீட்டில் என்ன நடந்தது என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். புதுப்பெண்களை இதை வைத்துத்தான் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

எனக்கு வாரத்தில் ஆறு நாள் ஈரத்தலை. தினமும் மாதவிலக்கு வராது. தினமும் ஒருவராகச் சாவதற்கு எனக்கு அத்தனை சொந்தக்காரர்கள் கிடையாது. புருஷன் காய்ச்சலில் போய்ப் பதினோரு வருஷமாகிறது. மிச்சம் என்ன என்பதைத் தெரு தானே யோசித்து முடித்துக்கொண்டது.

நான் செய்வது எண்ணெய் வைத்தியம். புருஷன் போனபோது மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். மலை சுற்றும் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் எங்களுக்கு வீடு மட்டும்தான், நிலம் கிடையாது. செங்கம் ரோட்டில் ஒரு மலையாள வைத்தியரிடம் கூட்டிப் பெருக்கப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் கைப்பக்குவம் வந்துவிட்டது. எண்ணெய் விட்டு நரம்போடு உருவுவது, மூலிகையைத் துணியில் முடிந்து சூடாக்கி ஒத்தடம் கொடுப்பது, கொள்ளு மாவை வறுத்துச் சூட்டோடு உடம்பில் தேய்ப்பது. கடைசியாகச் சொன்னதுதான் வினை. அரை மணி நேரம் தேய்த்தால் மாவு பறந்து தேய்க்கிறவள் தலையெல்லாம் படியும். எண்ணெயும் வேர்வையும் சேர்ந்தால் அது களிபோல உச்சியில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஐந்து கிலோமீட்டர் வெயிலில் வண்டி ஓட்டி வந்தால் மண்டை அரித்து உயிர் போகும். எங்கள் வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அதனால் வேலை முடிந்த இடத்திலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு கிளம்புவேன்.

முதலில் பெண்களுக்கு மட்டும்தான் செய்தேன். பிறகு ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வந்தார். மலையைப் பார்த்துக்கொண்டே சாகலாம் என்று ஆசிரமத்துப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியவர். அவருக்குச் சாவு வரவில்லை, பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வைத்தியர் என்னைத்தான் அனுப்பினார். நான் போன முதல்நாள் அவருக்கு எச்சிலை விழுங்கக்கூட முடியவில்லை, குழந்தைபோல அழுதார். ஒன்றரை வருஷத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து மலையைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், என் மகள் முதலடி வைத்தபோதுகூட வந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குத் தெருவில் ஒரு ஆள் இல்லை. சொன்னால், "ஓ, நடக்க வெச்சிட்டியா?" என்று வேறு மாதிரி சிரிப்பார்கள்.

தொடுவதுதான் பிரச்சினை என்றால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் வளையல்காரர் கையை அழுத்திப் பிடித்து மாட்டிவிடுகிறார். டெய்லர் அளவெடுக்கிறார். டாக்டர் எங்கே வேண்டுமானாலும் தொடுகிறார், தொட்டதற்கு நாம் கும்பிடு போட்டுவிட்டு வருகிறோம். எங்கள் உறவிலேயே ஒரு குடும்பம், பத்தொன்பது வயதுப் பெண்ணை ரைஸ்மில் வைத்திருந்த ஐம்பத்து மூன்று வயதுக்காரருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தது. பெண்ணின் அப்பா பேருக்கு மில்லுக்குப் பக்கத்து நிலம் மாறியது. மண்டபத்தில் அந்தப் பெண் அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தாள், நாங்கள் முந்நூறு பேர் இலையில் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக் குடித்தோம். அதற்கு யாரும் ஒரு பேர் வைக்கவில்லை. அதற்குப் பேர் கல்யாணம்.

எதிர்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய மகன் செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். தன்னைவிட இருபது வயது மூத்த ஒரு வெளிநாட்டுக்காரியோடு ஐந்து வருஷமாக இருக்கிறான். தாலி இல்லை, கையெழுத்தும் இல்லை. வீட்டுக்கு மாடி வந்தது, வாசலில் கார் வந்தது. "பையன் செட்டில் ஆயிட்டான்" என்றது தெரு. "கெட்டிக்காரன்டா" என்று டீக்கடையில் முதுகில் தட்டினார்கள். அவன் தலை ஈரமா காய்ந்திருக்கிறதா என்று ஒருவரும் பார்த்ததில்லை. அந்தம்மா மாடிக்கு ஏறும் படியில் உட்கார்ந்துகொண்டுதான் என் தலையைப் பார்ப்பாள்.

மகளுக்கு வயது இருபத்து மூன்றாயிற்று. லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். முதல் வரன் செங்கம் பக்கமிருந்து வந்தது, ஜாதகம் பொருந்தியது, பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் பெண் வீட்டை விசாரிக்க வருகிறவர்கள் விசாரிக்க வந்த மாதிரி வரமாட்டார்கள். பௌர்ணமியன்று கிரிவலம் வந்த மாதிரி வருவார்கள். சாமிக்குப் புண்ணியமும் ஆயிற்று, சம்பந்திக்கு விசாரணையும் ஆயிற்று. பௌர்ணமிக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வாசலில் கடை போட்டிருப்பார்கள். தண்ணீர் பாட்டில் வாங்குகிற சாக்கில் நின்று, "இங்க ஒரு வீட்ல பொண்ணு இருக்குதாமே" என்று ஆரம்பித்தால் போதும்.

அவர்கள் நின்றது எதிர்வீட்டுக் கடையில். சாயங்காலம் நாலரை மணி, நான் என் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"பொண்ணு தங்கம்மா. தல குனிஞ்சி போவும், தல குனிஞ்சி வரும்" என்றாள் எதிர்வீட்டு அம்மா.

"அவங்கம்மா?"

"அது... வெள்ளக்காரர் வீட்டுக்கு வேலைக்குப் போவுது."

"இன்னா வேலைங்க?"

"யாருக்குத் தெரியும்? ஒரு மணிக்கு வரும். தெனம் தலைக்கு ஊத்திக்கினுதான் வரும். நான் ஒண்ணும் சொல்லலம்மா, எனக்கு எதுக்கு ஊர் வம்பு."

அவள் ஒன்றும் சொல்லவில்லைதான். கேட்டவர்கள் மலையைச் சுற்றி முடிப்பதற்குள் வரன் நின்றுவிட்டது.

மூன்று நாள் மகள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீ அங்க வைத்திய வேலை மட்டும்தானம்மா பண்ற?"

அறைந்தேன். அவள் அழவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "கேட்டதுக்குத்தான அடிச்ச, இல்லனு நீ சொல்லல" என்றாள். இல்லை என்று என் வாயால் சொல்வது எனக்கு அன்றைக்கு அத்தனை கேவலமாக இருந்தது. பெற்ற மகளுக்கு நான் எதை நிரூபிக்க வேண்டும்? அதனால் சொல்லவில்லை. இப்போது நினைத்தால், சொல்லியிருக்கலாம்.

கோடி வீட்டு அக்கா எனக்குப் பழக்கமானது இதற்குப் பிறகுதான். தெருவின் கடைசி வீடு. புருஷன் லாரி ஓட்டி முதுகெலும்பு போய்க் கட்டிலோடு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறவர். அக்கா கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் வேலைக்குப் போவதாகத்தான் எல்லோருக்கும் தெரியும். காலையில் கூடையோடு போவாள், சாயங்காலம் வருவாள். நெற்றி நிறையக் குங்குமம், இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைச் சடை, நுனியில் ஒரு சின்னக் குஞ்சம். தெருவில் ஆடிக் கூழ் ஊற்றினால் முதல் கரண்டி அவள் கையால்தான். வளைகாப்பா, நிச்சயமா, தட்டு தூக்க அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நான் தாலி இழந்தவள். அந்த இடங்களில் பின்கட்டில் வெங்காயம் உரிப்பேன்.

ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி. கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு லாட்ஜ். கிரிவலம் நடந்து முழங்கால் வீங்கிப்போன ஒரு வடநாட்டு அம்மாவுக்கு ஒத்தடம் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மாடிப்படி ஏறினேன், மேலேயிருந்து கோடி வீட்டு அக்கா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, எங்களைப் பார்க்காமல் எங்களைத் தாண்டிப் போனான்.

இரண்டு பேரும் படியிலேயே நின்றோம்.

"நீயுமா?" என்றாள் அக்கா.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. உடனே கையிலிருந்த பையைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். தைல பாட்டில், துணி முடிச்சு, ஒரு கிலோ கொள்ளு மாவு. அக்கா குனிந்து மாவை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி, நெஜமாவே கொள்ளு மாவா? தெருவே உன்னத்தான சொல்லுது. நானே நம்பிக்கினு இருந்தேன்."

அவள் சிரித்து எழுந்தபோது படி குறுகல் என்பதால் அவள் புடவை என்மேல் பட வந்தது. நான் என் புடவையைக் கையால் ஒதுக்கிக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போயிற்று. அக்கா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எட்டு வருஷமா இதுல இருக்கறேன். செவ்வா வெள்ளி தவிர தலையில ஒரு சொட்டு தண்ணி பட்டதில்ல. பொம்பளைங்க தலையத்தான் பார்ப்பாங்க, வேற எதையும் பார்க்க மாட்டாங்க. நீ எதுக்குத் தெனம் நனைக்கிற? நனைக்காத."

"மாவு அரிக்கும்க்கா."

"அரிச்சா அரிக்கட்டும். பேரு கெட்டா அத வுட ஜாஸ்தியா அரிக்கும்."

நான் கேட்கவில்லை. எனக்கு வீம்பு. தப்புச் செய்கிறவள் தலையை உலர்த்திக்கொள்ளட்டும், நான் ஏன் உலர்த்த வேண்டும் என்று அடுத்த நாளும் சொட்டச் சொட்ட வந்து இறங்கினேன். ஆனால் அக்காவைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அது என் பெருந்தன்மை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் நீ எதற்கு லாட்ஜுக்குப் போனாய் என்று கேட்பார்கள், அந்தப் பயம்தான் காரணம். அக்கா அதன் பிறகு மதியங்களில் பின்வாசல் வழியாக வந்து என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். தன் புருஷனுக்கு முதுகுக்கு என்ன தைலம் போடலாம் என்று கேட்டாள், நான் காய்ச்சிக் கொடுத்தேன். அவள் வீட்டுக்குப் போனால் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன், ஏதாவது விரதம் என்பேன். அத்தனை விரதம் எந்தச் சாமிக்கும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வரன் மகளே கொண்டுவந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பையன், அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம், கௌரவமானவர்கள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், ஓடிப்போகாமல் பெரியவர்களை வைத்து முறையாகச் செய்ய வேண்டும் என்று இருந்தார்கள். விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் மகள் என்னிடம் வந்தாள்.

"இதுவும் நின்னுச்சுனா எனக்கு வேற யாரையும் பாக்காதம்மா. நான் சொல்லிட்டேன்."

மிரட்டலாக அவள் அதைச் சொல்லவில்லை. சாப்பாடு வேண்டாம் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அந்தப் பௌர்ணமிக்கு அக்கா தன் வாசலில் மோர்ப்பந்தல் போட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா மோர், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டது. பையனின் அம்மா வெயிலில் நடந்து வந்த களைப்பில் அங்கேதான் நின்றார். நான் அங்கே இல்லை. அக்கா என்ன சொன்னாள் என்பதைப் பிறகு சம்பந்தியம்மாவே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"அது வைத்தியம் பாக்குதும்மா. கை கால் விழுந்தவங்கள எழுப்பி நடக்க வைக்குது. கொள்ளு மாவு தலையில ஒட்டிக்கும், அதான் குளிக்குது. தெருவுல எவளாவது வேற மாதிரி சொன்னா என்கிட்ட கூட்டிக்கினு வாங்க, நான் கேக்கறேன்."

"அவ்ளோ லட்சணமான பொம்பள, முகத்துல மகாலட்சுமி. அவங்க சொன்னப்புறம் நாங்க வேற யாரையும் கேக்கலங்க" என்றார் சம்பந்தியம்மா. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் ஒழுங்காக வாழ்ந்தேன், அது சாட்சிக்கு உதவவில்லை. தெரு என்மேல் சுமத்திய அதே தொழிலில் இருக்கிற ஒருத்தியின் காய்ந்த தலையும் குங்குமமும் உதவின.

நிச்சயத்துக்கு வரிசைத் தட்டு தூக்க வேண்டும். பெற்றவள் நான், தட்டைத் தொடக் கூடாது. பூத்தட்டை அக்கா தூக்கினாள். சம்பந்தியம்மாவுக்கு அவள்தான் குங்குமம் வைத்தாள், அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். மண்டபத்தில் தூணோரம் நின்ற என்னை அக்கா கண்ணால் தேடி, மகளின் தலையில் பூ வைக்கும்போது லேசாகத் தலையசைத்தாள். உனக்காகத்தான் வைக்கிறேன் என்கிற மாதிரி. அந்த ஒரு நிமிஷம் அவளை என் கூடப்பிறந்தவளாக நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நினைத்தேன்.

கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது வீடியோ வந்தது. ஏதோ ஒரு லாட்ஜில் சோதனை, பட்டப்பகலில். நான்கு பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார்கள். கூட இருந்த ஆண்கள் எங்கே போனார்கள் என்று வீடியோவில் இல்லை, ஆண்களை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதாக ஏறியவளின் முகம் தெரியவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே ஒற்றைச் சடை, நுனியில் குஞ்சம். எட்டு வருஷம் தலையை நனைக்காமல் பேரைக் காப்பாற்றியவளை அந்தத் தலைமுடியே காட்டிக்கொடுத்துவிட்டது. எங்கள் தெருவுக்குக் கைபேசியில் அது வந்து சேர அரைமணிகூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் அக்கா திரும்பி வந்தாள். அன்று மதியம் என் பின்வாசல் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. முகம் கறுத்துப்போயிருந்தது, குங்குமம் இல்லை.

"பயப்படாத, உக்கார வரல. கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன், அத சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பாப்பாகிட்ட நீயே சொல்லிடு."

நான் உள்ளே கூப்பிட்டேன். அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன், கூப்பிட்டது நான்தான். அடுப்படியில் முறத்தில் முருங்கைக்கீரை கிடந்தது. அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வாசலில் ஆட்டோ நின்றது. சம்பந்தியம்மாவின் குரல்.

அக்கா கையிலிருந்த காம்போடு அப்படியே உறைந்தாள். நான் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு முன்னறைக்குப் போனேன். அந்தக் கதவு பலகைக் கதவு, இந்தப் பக்கம் மூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும்.

சம்பந்தியம்மா உட்காரவில்லை. "சுத்தி வளைக்காம கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார். "அந்தப் பொம்பள வார்த்தைய வெச்சித்தான நாங்க உங்க வீட்டுக்கு வந்தோம். இப்போ அவளே இப்டினா, உங்கள நல்லவங்கனு அவ சொன்னதுக்கு இன்னா அர்த்தம்? எங்க சொந்தத்துல கேக்கறாங்க. உங்களுக்கும் அவளுக்கும் இன்னா பழக்கம்?"

என் மகள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆனால் விசாரிக்க வருவதற்கு முன்னால் அவள் சொன்னது என் காதில் கேட்டது. இதுவும் நின்னுச்சுனா.

"பழக்கம்லாம் இல்லங்க" என்றேன். "தெருவுல இருக்கற சுமங்கலினு தட்டு தூக்கக் கூப்ட்டது, அவ்ளோதான். அவ யாரு, எங்க போறா, எனக்கு இன்னாங்க தெரியும்?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகம் இன்னும் தெளியவில்லை. நான் மேலே போனேன்.

"அந்த மாதிரி ஈனப்பொழப்பு பொழைக்கறவனு தெரிஞ்சிருந்தா என் வாசப்படி மிதிக்க வுட்டிருப்பேனாங்க? தண்ணி தெளிச்சி வுட்டிருப்பேன். அவ கையால பூ வெச்சிக்கினதுக்கே என் பொண்ணுக்கு தலைக்கு ஊத்திவுட்டேன்."

கடைசி வாக்கியம் பொய். பூ வைத்த அன்றைக்கு மகள் அந்தப் பூவைக் காய்கிறவரை வைத்திருந்தாள். யாரும் கேட்காத பொய்யை ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அதுதான் வேலை செய்தது. சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

அதற்குள் ஆட்டோவைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மா வந்து சேர்ந்தாள். முதல் வரனைக் கலைத்தவள். அவளோ என் தோளில் கையைப் போட்டாள். "இது நல்ல பொம்பளம்மா. கஷ்டப்பட்டுப் பொண்ண வளத்துச்சு. அந்தக் கேடுகெட்டவகூடல்லாம் சேராது, நான்தான் தெனம் பாக்கறேனே" என்றாள். அவள் மனசு மாறிவிட்டது என்று நினைக்குமளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஒரு தெருவுக்கு அப்படி ஒருத்தி வேண்டும். இத்தனை நாள் அந்த இடத்தில் என்னை வைத்திருந்தார்கள், இப்போது நிஜமானவள் கிடைத்துவிட்டாள். என்னை விட்டுவிட்டார்கள்.

இரண்டு பேருக்கும் காபி போட வேண்டும். கதவைத் திறந்தேன். அடுப்படியில் யாரும் இல்லை. பின்கதவு சாத்தியிருந்தது. முறத்தில் கீரை முழுவதும் உருவி முடிந்திருந்தது, காம்பெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கியிருந்தது. நான் பேசி முடிக்கும்வரை இருந்து கேட்டுவிட்டு, கையிலிருந்த வேலையையும் முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அந்தக் கீரையை அன்றைக்கு நான் சமைக்கவில்லை, கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பூத்தட்டை எதிர்வீட்டு அம்மா தூக்கினாள். அவளுடைய மகன் அந்த வெளிநாட்டுக்காரியோடு காரில் வந்து இறங்கினான், பட்டுப்புடவை கட்டியிருந்த அவளோடு எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அக்கா ஏன் வரவில்லை என்று என் மகள் ஒரு முறை கேட்டாள். பிறகு அவளே, "வராததும் நல்லதுதான்" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. எந்த முகத்தோடு அறைவது?

இப்போது நான் தலையை நனைப்பதில்லை. மகளை அனுப்பிய மறுவாரமே நிறுத்திவிட்டேன். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாவு தேய்க்கிறேன், தோளுக்குக் கீழே மட்டும் குளிக்கிறேன், வரும் வழியெல்லாம் மண்டை அரிக்கிறது. செவ்வாய், வெள்ளி மட்டும் தலைக்கு. தெரு என்னிடம் நன்றாகப் பேசுகிறது. இடுப்பு வலி, முழங்கால் வலி என்று வருகிறார்கள், வைத்தியரம்மா என்றுகூட ஒருத்தி கூப்பிட்டாள்.

போன திங்கட்கிழமை ஒரு மணிக்கு வண்டியைத் தெருமுனையில் திருப்பினேன். எதிரே அக்கா குடத்தோடு வந்தாள். தெருக்குழாயில் அவள் பிடித்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிவிடுவதால், ஆளில்லாத நேரமாகப் பார்த்து வருகிறாள். தலை நனைந்திருந்தது. கூந்தலை விரித்துப் போட்டு, நுனியில் முடிச்சு மட்டும் போட்டிருந்தாள், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இனி அவள் எந்தக் கிழமை குளித்தால் யாருக்கு என்ன?

வண்டியை ஓரங்கட்ட நான் வேகத்தைக் குறைத்தேன். மூன்று மாதமாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் பேசியதில்லை. என்னைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"நெத்தியில மாவு ஒட்டிக்கினு இருக்குது. தொடச்சிக்கினு போ."

நான் உடனே துடைக்கவில்லை. எதிர்வீட்டு மாடிப்படியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, அவள் என்னோடு பேசியதைப் பார்த்தார்களா என்று முதலில் பார்த்தேன். யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் துடைத்தேன்.